யாரும் பின்னால் ஓடிவராத வெளிநடப்பு

நான் வெளிநடப்புச் செய்தேன்.

ஓம், நான்தான். சிட்னியில், ஒரு யூனிவர்சிட்டி மண்டபத்தில், பட்டப்பகலில், கூட்டத்தின் நடுவில் எழும்பி, முன்னால் இருந்த மேசையில் ஒரு குத்துக் குத்திவிட்டு, கதவைப் படார் என்று தள்ளிக்கொண்டு வெளியேறினேன். என் பின்னால் எங்கள் ஆட்கள் எல்லோரும் வந்தார்கள்.

ஊரில் என்றால் அடுத்த நாள் பேப்பரில் படம் வந்திருக்கும். கழுத்தில் ஒரு மாலையாவது விழுந்திருக்கும்.

இங்கே என்ன நடந்தது தெரியுமா? நாங்கள் வெளியே போனதும், உள்ளே இருந்த யாரோ எழும்பிவந்து கதவைச் சரியாகச் சாத்தினார்கள்... குளிர்காற்று வருகிறதாம்!

இது நடந்து மூன்று கிழமை. போன இரண்டு வாரமும் இந்தப் பக்கத்தில் சிட்னிக் குளிரைப் பற்றியும் நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரியின் பூனையைப் பற்றியும் எழுதி மழுப்பியதற்குக் காரணம் இதுதான். கோபக்காரன் என்று பெயர் எடுத்தவன் நான். என்னைத் திட்டிக் கடிதம் எழுதுகிறவர்கள்கூட “உமக்கு வாய்க்கொழுப்பு” என்றுதான் எழுதுகிறீர்கள். “உமக்கு மூளை இல்லை” என்று இதுவரை ஒருவரும் எழுதவில்லை.

இதைப் படித்துவிட்டு எழுதலாம்.

விஷயம் ஒரு குசினியைப் பற்றியது.

எங்கள் யூனிவர்சிட்டி மைதானத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. யுத்த காலத்தில் எதற்கோ போட்டதாம். உள்ளே ஒரு காஸ் அடுப்பு, ஒரு தண்ணீர்க் குழாய், கால் ஆடுகிற மேசை, முதுகு இல்லாத சில கதிரைகள். வெளிநாட்டு மாணவர்கள் சமைத்துச் சாப்பிடட்டும் என்று மாணவர் சங்கம் அதை எங்களுக்கு விட்டிருந்தது. மத்தியானம் போய்ப் பார்த்தால் இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், ஃபீஜி எல்லாம் ஒரே புகைக்குள் நிற்கும். ஐக்கிய நாடுகள் சபைகூட இவ்வளவு நெருக்கமாக நின்றிருக்காது.

விடுதி அறையில் சமைக்கக்கூடாது என்பது சட்டம். கன்டீனில் கிடைப்பது ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, அவற்றின் தலையில் ஊற்றுகிற மண்ணிறக் குழம்பு. எனக்கு அதில் பிரச்சினை இல்லை. ஓடுவது, பறப்பது எல்லாவற்றையும் தின்கிற வயிறு என்னுடையது.

பிரச்சினை பத்மாவுக்கு.

பத்மா மெட்ராஸ்காரி. ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்கிறார். முட்டையைக்கூடத் தொடாத சைவம். வந்த முதல் தவணை முழுவதும் பாண், ஜாம், உருளைக்கிழங்குச் சிப்ஸ் — இவ்வளவுதான் சாப்பாடு. அந்தச் சிப்ஸை மாட்டுக்கொழுப்பில் பொரிக்கிறார்கள் என்று ஒருநாள் ஒருவர் சொல்லப்போக, அதுவும் நின்றது.

சொன்னது யார்? நான்தான். தெரிந்ததைச் சொல்லத்தானே வேண்டும்? ஆனால் அவர் சிப்ஸை வாயில் வைக்கிற நேரம் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டுமா என்று என்னை இன்றைக்கும் கேட்கிறார்கள்.

அதன்பிறகு பாணும் ஜாமும் மட்டும். ஒருநாள் ஆராய்ச்சிக்கூடத்திலேயே மயங்கி விழுந்துவிட்டார். அவருடைய பேராசிரியர் நல்ல மனிதர்... ஊருக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொள் என்றார். போனால் ஸ்கொலர்ஷிப் போய்விடும். ஆராய்ச்சியும் போய்விடும். பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் யாரோ இந்தத் தகரக் கொட்டிலைக் காட்டியிருக்கிறார்கள். முதல்நாள் வெறும் சோறும் ரசமும் வைத்துச் சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதாராம்.

இதை எனக்குச் சொன்னவன் நேசன். என் அறைத் தோழன், எஞ்சினியரிங் படிக்கிறான், ஊர் சாவகச்சேரி. பொய் சொல்லமாட்டான். என்னைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் உண்மையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வான்.

ஆகவே, குசினி இருந்தால் பத்மா இருப்பார். குசினி போனால் பத்மா போவார். இதில் பெரிய அரசியல் ஒன்றும் இல்லை.

அந்தக் குசினிக்கு ஆபத்து எப்படி வந்தது?

அதுவும் என்னால்தான். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் இல்லாமல் நான் கறி வைக்கமாட்டேன். கடையில் போத்தலில் அடைத்து விற்கிற மஞ்சள் நிற மாவெல்லாம் தூளா? ஒரு சனிக்கிழமை, சைனீஸ் கடையில் செத்தல் மிளகாய் வாங்கிவந்து, கொட்டிலில் தாச்சியை வைத்து வறுக்கத் தொடங்கினேன். எனக்கு இருமல் வந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டேன். என் இருமல் நின்றது.

மைதானத்தில் படகோட்டக் கழகத்துப் பிள்ளைகள் பயிற்சிக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். காற்று அந்தப் பக்கம்.

முதலில் ஒருவன் நின்றான். பிறகு இன்னொருவன் குனிந்தான். கொஞ்ச நேரத்தில் மாடுமாதிரி வளர்ந்த அத்தனை பேரும் புல்லில் முழங்காலில் நின்று இருமினார்கள். காஸ் கசிகிறது என்று யாரோ போன் பண்ணிவிட்டார்கள். தீயணைக்கும் வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. தலையில் இரும்புத் தொப்பி போட்ட ஒருவர் உள்ளே வந்து, என் தாச்சிக்குள் எட்டிப் பார்த்து, ஒரு தும்மல் தும்மிவிட்டு, “இதைச் சாப்பிடுவீர்களா?” என்று கேட்டார்.

“சாப்பிடாமல் முகத்துக்குப் பூசுவதா?” என்றேன்.

அவர் சிரித்தார். படகோட்டக் கழகம் சிரிக்கவில்லை. அடுத்த கிழமையே, அந்தக் கொட்டிலைத் தங்களுக்குத் தரும்படி மாணவர் சங்கத்தைக் கேட்டார்கள். துடுப்பு வைக்க இடம் வேண்டுமாம். கழகத்தின் தலைவன் கொலின் என்று ஒருவன். நிலை தட்டாமல் கதவுக்குள் வரமுடியாத உயரம்.

இங்கே மாணவர் சங்கம் என்றால் சும்மா அல்ல. அது ஒரு குட்டி அரசாங்கம். எந்தக் கட்டடம் எந்தக் கழகத்துக்கு, கன்டீனில் என்ன விலை, சுவரில் எங்கே போஸ்டர் ஒட்டலாம் — எல்லாம் பிள்ளைகளே கூட்டம் வைத்துத் தீர்மானிக்கிறார்கள். யூனிவர்சிட்டி நிர்வாகம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. பொதுக்கூட்டம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நடக்கும். மாணவர் யாரும் வரலாம், பேசலாம், கை தூக்கலாம். கொட்டில் விஷயம் பொதுக்கூட்டத்துக்கு வந்தது.

பத்மா உடனே வேலையைத் தொடங்கிவிட்டார். என்ன வேலை? பூரி.

தினமும் மத்தியானம் கொட்டிலில் பூரியும் உருளைக்கிழங்கு மசாலும். வழியில் போகிற வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டார். பூரி எண்ணெயில் பொங்கி எழும்புவதைப் பார்க்கவென்றே வரிசையில் நின்றார்கள். பார்த்தவர்கள் சாப்பிட்டார்கள். சாப்பிட்டவர்களிடம், “செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு வருவீங்களா?” என்று மட்டும் கேட்டு அனுப்பினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பூரி குடுத்து உரிமை வாங்கிறதோ? வெக்கமாயில்லையோ உமக்கு?” என்று கேட்டேன்.

“சாப்பிட்டவங்க கை தூக்குவாங்க சார். பேச்சு கேட்டவங்க கொட்டாவிதான் விடுவாங்க” என்றார், அடுத்த பூரியைப் போட்டுக்கொண்டே.

நான் விடுவேனா? அறைக்குப் போய் ஒரு பேச்சு எழுதினேன். மானம், சமத்துவம், மூன்றாம் உலகம், ஏகாதிபத்தியம் எல்லாம் இருந்தது. நேசனைக் கட்டிலில் உட்காரவைத்து முழுவதையும் பேசிக் காட்டினேன்.

அவன் கேட்டு முடித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு அண்ணை. ஆனா குசினி எண்ட சொல்லு ஒரு இடத்திலையும் வரேல்லையே” என்றான்.

அதை எல்லாம் திருத்த நேரம் இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. எங்கள் ஆட்கள் வலப்பக்கம் முழுவதும். படகுக்காரர் இடப்பக்கம் முழுவதும். நடுவில் பூரி சாப்பிட்ட பிள்ளைகள். தலைமை தாங்கியது ஜூடி என்ற பெண்; மாணவர் சங்கத் தலைவி. இந்தக் குளிரில் வெறுங்காலோடு மேசைமேல் சம்மணம் கட்டி இருந்தார், கையில் ஒரு சின்ன மரச் சுத்தியல். பார்த்தால் சந்தையில் காய்கறி விற்க வந்தவர் மாதிரி. ஆனால் யாராவது முறை தவறிக் கதைத்தால் அந்தச் சுத்தியல் விழுகிற விழுகை...

நாங்கள்தான் தொகையில் கூட. தலையை எண்ணத் தேவையில்லை, கண்ணால் பார்த்தாலே தெரிந்தது. பேசாமல் இருந்து கை தூக்கினால் போதும். வெற்றி எங்கள் சட்டைப்பையில் இருந்தது.

பத்மா எழும்பித் தீர்மானத்தைச் சொன்னார். கொட்டில் சமைக்கிறவர்களிடமே இருக்கட்டும் என்று இரண்டு வரி. தான் மயங்கி விழுந்ததை ஒரு வரி. உட்கார்ந்துவிட்டார். கை தட்டினார்கள்.

கொலின் எழும்பினான். “எனக்கு இவர்கள்மேல் ஒரு கோபமும் இல்லை. ஆனால் எங்கள் பையன்கள் புல்லில் முழங்காலில் நின்று அழுதார்கள். போட்டியில் தோற்றால் அழலாம். பயிற்சிக்கே அழுதால் எப்படி?” என்றான்.

மண்டபம் சிரித்தது. பத்மாவும் சிரித்தார். நேசனும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. என் மிளகாயை வைத்து அவன் பகிடி விடுவதா?

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “சமைக்கவேண்டுமென்றால் உங்கள் நாட்டில் போய்ச் சமையுங்கள்!”

ஜூடியின் சுத்தியல் விழுந்தது. ஜூடி எதையோ சொல்ல வாயைத் திறந்தார்.

நான் முந்திக்கொண்டேன்.

“சார், வேணாம், உட்காருங்க. உட்கார்ந்தாலே ஜெயிச்சுடுவோம்...” பத்மா என் சட்டைக் கையைப் பிடித்தார். உதறினேன். எழுதிவைத்த பேச்சு மறந்துபோயிற்று. வாயில் வந்ததைப் பேசினேன். “எங்கள் மானத்தை விற்றுச் சோறு தின்ன நாங்கள் வரவில்லை! இந்தச் சபையில் இனி ஒரு நிமிஷமும் இருக்கமாட்டோம்! நாங்கள் வெளிநடப்புச் செய்கிறோம்!”

மேசையில் ஒரு குத்து. நட.

எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? இரத்தத்தில் இருக்கிறது. இலங்கைக்காரர் எழும்பினார்கள். இந்தியாக்காரர் எழும்பினார்கள். மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் எழும்பினார்கள். அவர்களைப் பார்த்துச் சிங்கப்பூர்ச் சீனப் பிள்ளைகளும் எழும்பி வந்தார்கள். வெளியே வந்தபிறகு அவர்களில் ஒருவன், “திரும்பவும் தீயா?” என்று என்னைக் கேட்டான்.

வெளியே வந்து நின்றோம். அந்த நேரம் எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே... இரண்டு பேர் கை குலுக்கினார்கள். ஒருவன், “அண்ணை, குடுத்தியள் பாருங்கோ!” என்று முதுகில் தட்டினான்.

பிறகு காத்திருந்தோம்.

எதற்கு? யாராவது வந்து எங்களைச் சமாதானம் பண்ணிக் கூட்டிக்கொண்டு போவதற்கு.

சிரிக்காதீர்கள். நீங்களும் அப்படித்தான். கலியாண வீட்டில் மாப்பிள்ளை பகுதி சாப்பிடாமல் எழும்பினால் என்ன நடக்கும்? பெண் வீட்டார் நாலு பேர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். படலையடியில் மறித்துக் காலில் விழாத குறையாகக் கெஞ்சுவார்கள். அதற்குத்தானே நாங்கள் மெதுவாக நடப்பது! யாரும் ஓடிவராத இடத்தில் கோபித்துக்கொண்டு போகிறவனுக்கு என்ன பெயர்? வீட்டுக்குப் போகிறவன் என்று பெயர்.

மண்டபக் கதவில் ஒரு கண்ணாடி இருந்தது. அதற்குள்ளால் நேசன் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று கத்தினான்.

“அண்ணை! உள்ளுக்கை கை தூக்கப் போறாங்கள்!”

“நாங்கள் இல்லாமலோ?”

“நாங்கள்தானே வந்திட்டம்!”

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. வாக்கெடுப்பு நேரத்தில் கதவைப் பூட்டி ஒரு ஆளை நிறுத்துவது இங்கே வழக்கமாம். கண்ணாடியில் தட்டினேன். கையைக் காட்டினேன். உள்ளே இருந்த கொலின் என்னைக் கண்டுவிட்டு, நான் பிரியாவிடை சொல்கிறேன் என்று நினைத்து, சிரித்த முகத்தோடு திருப்பிக் கை காட்டினான்.

எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு படம் மனதில் இருக்கிறது. பாராளுமன்றத்திலிருந்து எங்கள் எம்.பி.மார் வெள்ளை வேட்டியோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வருவார்கள். நாங்கள் பேப்பரைப் பார்த்துக் கை தட்டுவோம். அவர்கள் வெளியே வந்த பிறகு உள்ளே என்ன நடந்தது என்று அந்த நாளில் நான் ஒருதடவையாவது யோசித்ததுண்டா? உள்ளே இருந்தவர்கள் கையைத் தூக்கிச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போயிருப்பார்கள். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன்.

பார்த்தது அது மட்டும் அல்ல. கொட்டிலைப் படகுக்காரருக்குக் கொடுக்கச் சொல்லித் தூக்கிய கைகளுக்குள் வளையல் போட்ட ஒரு கை.

பத்மாவின் கை.

எங்களோடு எழும்பி வரவில்லை. அதுவே குற்றம். இப்போது அவர்களோடு சேர்ந்து கையும் தூக்குகிறார்! எனக்குத் தலைக்குள் தாச்சி வைத்த மாதிரி ஆகிவிட்டது.

கதவு திறந்தது. கூட்டம் கலைந்தது. பத்மா கடைசியாக, ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு வந்தார்.

நான் பேசியதை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். துரோகி என்பதுதான் அதில் மெல்லிய சொல். எங்கள் ஆட்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்மா ஒரு சுளையை வாயில் போட்டார்.

“முடிஞ்சுதா சார்?”

“முடியேல்லை!”

“அப்ப முடிச்சிடுங்க. அப்புறம் நான் பேசறேன்.”

இப்படிச் சொன்னால் மனிசன் என்னத்தைப் பேசுவது? நிறுத்தினேன்.

“அந்தப் பையன் மன்னிப்புக் கேட்டான் சார். தெரியுமா உங்களுக்கு?”

“எந்தப் பொடியன்?”

“உங்க நாட்டில போய்ச் சமைன்னு கத்தினவன். ஜூடி அவனை எழுப்பி, எல்லார் முன்னாடியும் ஸாரி சொல்ல வச்சாங்க. கொலினே அவனைத் திட்டினான். நடுவில இருந்தவங்க எல்லாம் நம்ம பக்கம் சாய்ஞ்சுட்டாங்க. திரும்பிப் பார்க்கறேன்... நம்ம பக்கம் வெறும் நாற்காலிதான் இருக்கு.”

திறந்திருந்த கதவுக்குள்ளால் அந்தக் கதிரைகளை எட்டிப் பார்த்தேன்.

“பூரி சாப்பிட்ட பிள்ளைங்க நமக்குக் கை தூக்கினாங்க. பத்தல. எப்படியும் தோற்கப்போறோம்னு தெரிஞ்சுபோச்சு. அதான் அவங்க பக்கம் தூக்கினேன்.”

“ஏன்? அவங்களுக்குக் கை காணாதெண்டோ?”

“ரூல் சார். முடிஞ்ச தீர்மானத்தைத் திரும்ப எடுங்கன்னு ஜெயிச்ச பக்கம் கை தூக்கினவங்கதான் கேட்கலாம். தோத்தவங்களைக் கேட்க விட்டா தினமும் கேட்டுட்டே இருப்பாங்க இல்லையா? இப்ப நான் ஜெயிச்ச பக்கம். அடுத்த கூட்டத்தில நான் கேட்பேன்.”

“உமக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?”

“காலேஜ்ல நான் யூனியன் சேர்மன் சார். நீங்க கேட்கவே இல்லையே.”

உண்மைதான். ஒரு வருஷமாகப் பழகுகிறேன். பூரிக்கு உப்புக் காணாது என்று சொல்லியிருக்கிறேனே தவிர, நீர் யார், என்ன செய்தீர் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஆனாலும் விடவில்லை. “மெட்ராஸ் ரூல் இஞ்சை இருக்குமெண்டு என்ன நிச்சயம்?”

“ஜூடிகிட்ட போன வாரமே கேட்டு வச்சுட்டேன்.”

“போன கிழமையே தோப்பம் எண்டு நினைச்சனீரோ?”

“இல்ல சார்” என்றார் பத்மா. “நீங்க பேசப்போறீங்கன்னு நேசன் சொன்னார்.”

நேசன் வானத்தைப் பார்த்தான். வானத்தில் ஒன்றும் இல்லை.

இரண்டாவது கூட்டம் இந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது. இடையில் கொட்டிலின் சாவி சங்கத்தின் கையில் இருந்தது. பத்மா திரும்பவும் பாணுக்கும் ஜாமுக்கும் போனார். நான் வாழைப்பழம் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் கட்டிலில் பெட்டி திறந்தபடி கிடக்கிறது என்று அவருடைய விடுதிப் பெண் ஒருத்தி நேசனிடம் சொன்னாளாம். நான் அந்த நாட்களில் வீட்டுக்காரியின் பூனையோடுகூடச் சண்டை பிடிக்கவில்லை.

கூட்டத்துக்கு வரவேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். “வாங்க சார், உங்க கையும் வேணும்” என்றார். “கை மட்டும்.”

மண்டபத்துக்குள் போனதும் எனக்கு இடம் காட்டினார். வரிசையின் நடு. ஒரு பக்கம் நேசன், மறு பக்கம் ஃபீஜியிலிருந்து வந்த ஒரு தடித்த பையன். உட்கார்ந்த பிறகு ஒரு பெரிய பானையைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். உருளைக்கிழங்கு மசால். அடுப்பிலிருந்து இறக்கிய சூடு. தன் பேராசிரியர் வீட்டுக் குசினியில் கூட்டத்துக்குச் சற்று முன்தான் சமைத்து இறக்கியிருக்கிறார்.

“கூட்டம் முடிஞ்சதும் எல்லாருக்கும் சாப்பாடு. அதுவரைக்கும் பத்திரமா வச்சுக்கோங்க சார். அசைஞ்சா கொட்டிடும்.”

மடியில் கொதிக்கிற பானை இருக்கிறவன் வெளிநடப்புச் செய்யமுடியாது. இதை எந்தப் பாராளுமன்றமும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

பத்மா எழும்பி, போன தீர்மானத்தைத் திரும்ப எடுக்கவேண்டும் என்றார். கொலின் துள்ளி எழும்பினான். “அதெப்படி? இவர் எங்கள் பக்கம்தானே கை தூக்கினார்!”

“அதனால்தான் கேட்க முடிகிறது” என்றார் ஜூடி. சுத்தியல் விழுந்தது.

கொலின் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு மண்டபம் அதிரச் சிரித்தான். தோற்கிறவன் இப்படியும் சிரிப்பானா என்று எனக்கு ஆச்சரியம். அதற்குப் பிறகுதான் என்னைக் கண்டான். “போன தடவை ஒரு கோபக்காரக் கனவான் இருந்தாரே... இன்றைக்கு மடியில் என்ன வைத்திருக்கிறார்? வெடிகுண்டா?”

மண்டபம் சிரித்தது. என் இரத்தம் ஏறியது. எழும்பப் பார்த்தேன். பானை சரிந்தது. தொடையில் பட்ட சூட்டில் “ஐயோ” என்று உட்கார்ந்துவிட்டேன். நேசன் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். “அண்ணை, மசால்... மசால்...” என்று மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கொலின் ஒரு திருத்தம் கேட்டான்: கொட்டிலை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எங்கள் பயிற்சி நேரத்தில் மிளகாய் வறுக்கக்கூடாது. என் தூளுக்குச் சட்டம் போடுகிறான்! மறுப்புச் சொல்ல வாயைத் திறந்தேன். பத்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடினேன்.

“ஏத்துக்கறோம்” என்றார் பத்மா.

கை தூக்கச் சொன்னார்கள். ஒரு கையால் பானையைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கினேன். வலப்பக்கம் முழுவதும் கை. நடுவில் முழுவதும் கை. இடப்பக்கம் பார்த்தேன். கொலினும் தூக்கியிருந்தான். துடுப்பு மாதிரி நீளமான கை.

குசினி எங்களுக்கு. அன்றைக்குப் பின்னேரமே பத்மா பெட்டியை மூடிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாராம்.

கொட்டிலைத் திறந்து பூரி சுட்டார்கள். படகுக்காரரும் வந்தார்கள். கொலின் நிலையில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்து, முதுகு இல்லாத கதிரையில் இருந்து, தட்டை நீட்டினான். “எங்களை அழவைத்த சாமான் எங்கே?”

விடுவேனா? என் போத்தலை எடுத்து ஒரு கரண்டி தூள் மசாலின்மேல் தூவிக் கொடுத்தேன். தின்றான். முகம் செத்தல் மிளகாய் மாதிரி ஆனது. கண்ணால், மூக்கால், எல்லாவற்றாலும் வழிந்தது. போய்த் தண்ணீர் குடி என்று எல்லோரும் கத்தினார்கள். ஆள் எழும்பவில்லை. தட்டு முடியும்வரை அழுது அழுது அதிலேயே இருந்தான்.

எனக்கு அந்தப் பையனைப் பிடித்துவிட்டது. அவனிடம் சொல்லவில்லை.

சாப்பாடு முடிந்தது. குழாயடியில் தாச்சி, பானை, தட்டு எல்லாம் மலை மாதிரிக் குவிந்து கிடந்தன. யார் கழுவுவது என்ற கதை மெல்லத் தொடங்கியது. நான் சத்தம் போடாமல் எழும்பினேன். மேசையில் குத்தவில்லை. கதவைப் படார் என்று தள்ளவும் இல்லை. பூனை மாதிரி வெளியே வந்து மைதானத்தில் பாதித் தூரம் நடந்துவிட்டேன்.

“சார்! சார்! நில்லுங்க!”

திரும்பிப் பார்த்தேன். பத்மா. கையில் பாத்திரம் தேய்க்கிற கம்பிப்பஞ்சு.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் வெளிநடப்புச் செய்தபோது ஒருவர் பின்னால் ஓடிவந்தார்!